ஒளியியல்: வராண்டா பிரிவு

எங்கள் கல்லூரியின் இயற்பியல் துறையில் ஓர் இருட்டறை உண்டு. சன்னலுக்குக் கறுப்புத் துணி, மேசைமேல் சோடியம் விளக்கு, எதிரே ஸ்பெக்ட்ரோமீட்டர், அதன் நடுவே ஒரு முப்பட்டகம். ஒளியைப் பற்றிப் பாடத்திட்டம் சொல்வதில் முக்கால்வாசி அதற்குள்தான் நடக்கும். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் உள்ளே போவார்கள். கொஞ்ச நேரத்தில் “சார், கோடு தெரியல சார்” என்று வெளியே வருவார்கள். நான் போய்க் கண்ணை வைத்தால் கோடு தெரியும். நான் விலகியதும் மறைந்துவிடும். கோட்டுக்கு என்மேல் அப்படி ஒரு மரியாதை.

அதே பிள்ளைகள் வராண்டாவில் நின்றுகொண்டு, “மாப்ள, வெயிலு அந்தத் தூணைத் தாண்ட இன்னும் பத்து நிமிசம் ஆகும். அதுக்குள்ள டீ குடிச்சுட்டு வந்துருவோம்” என்று சூரியனின் போக்கைக் கணித்துச் சொல்கிறார்கள். கணிப்பு தப்புவதில்லை. டீயை முடித்துத் திரும்பும்போது வெயில் தூணின் ஓரத்தில் காத்துக்கொண்டிருக்கிறது. ஒருவன் தூணில் சாய்கிறான், ஒருவன் தரையில் படுத்துப் போனைப் பிடிக்கிறான், மூன்றாமவன் “தாடையைக் கொஞ்சம் தூக்குடா, நிழல் விழுது” என்கிறான். நிழல் எப்படி விழுகிறது என்று நான் தேர்வில் கேட்டபோது அந்த மூன்றாமவன் விடைத்தாளில் ஒரு பக்கம் முழுக்க வெற்றிடம் விட்டிருந்தான்.

நான் ஒளியியல் நடத்துகிறவன். திண்டுக்கல் பக்கம் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம், எங்கள் முதல்வர் பத்திரிகை படிக்கிற பழக்கம் உள்ளவர். என் பாடத்தில் அரியர் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் இன்ஸ்டாகிராமில் ஒளியை ஆட்டிவைக்கிறார்கள் என்பதுதான் நான் இங்கே சொல்ல வந்த புகார். அல்லது பெருமை. இரண்டில் எது என்பதைக் கட்டுரை முடிவதற்குள் தீர்மானிக்கப் பார்க்கிறேன்.

முதலில் வெயிலை எடுத்துக்கொள்வோம். படத்துக்கு நல்ல ஒளி காலையிலும் மாலையிலும்தான். சூரியன் சாய்ந்திருக்கும்போது அதன் ஒளி வளிமண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து வர வேண்டும். வழியிலேயே நீலம் சிதறிப்போகிறது. மஞ்சளும் சிவப்பும் மிச்சமாக வந்து சேர்கின்றன. பிள்ளைகள் இதற்கு ‘கோல்டன் ஹவர்’ என்பார்கள். காரணம் என்ன என்று வகுப்பில் கேட்டேன். “இயற்கையாவே ஒரு ஃபில்டர் இருக்கு சார்” என்றான் ஒருவன். வகுப்பு சிரித்தது. யோசித்துப் பார்த்தால் சரியான பதில். வளிமண்டலம் ஃபில்டர் இல்லாமல் வேறென்ன? அரை மார்க் போட்டேன். ‘சிதறல்’ என்ற சொல் இல்லாததால் மீதி அரை மார்க்கை வைத்துக்கொண்டேன்.

சிக்கல் என்னவென்றால், வகுப்பு மூன்றரைக்கு முடியும். சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போகும் டவுன் பஸ் நாலு மணிக்கு. சூரியன் பொன்னிறம் ஆவதோ ஐந்தரைக்குமேல். அந்தப் பஸ்ஸை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான். வீட்டில் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஆகவே எங்கள் பிள்ளைகளுக்கு மாலைப் பொன்னொளி என்பது ஹாஸ்டல்காரர்களின் சொத்து. மற்றவர்கள் காலையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்பதரை மணி வகுப்புக்கு மூச்சிரைக்கப் பத்து மணிக்கு வருகிறவர்கள், படம் எடுக்க வேண்டிய நாளில் சட்டைக்கு இஸ்திரி போட்டு, தலைக்கு ஜெல் தடவி, ஏழரைக்கே மெயின் பிளாக் படிக்கட்டில் ஆஜர். அப்படி வந்தவனையும் ஒன்பதரைக்கு என் வகுப்பில் காணோம். மறுநாள் கேட்டேன். “காலேஜுக்கு லேட்டுன்னு மட்டும் சொல்லாதீங்க சார். நேத்து வாட்ச்மேன் அண்ணனுக்கு முன்னாடியே வந்துட்டேன்” என்றான். வாட்ச்மேனும் சாட்சி சொன்னார். அவரும் படத்தில் இருந்தார்.

காலையையும் தவறவிட்டவர்களுக்கு மதிய இடைவேளை. உச்சிவெயில் முகத்துக்கு எதிரி. புருவத்தின் நிழல் கண்ணில் விழுந்து கண் இரண்டும் பள்ளமாகும். மூக்கின் நிழல் மேலுதட்டில் விழுந்து, மீசை இல்லாதவர்களுக்கும் மீசை வரும். அதிலும் ஏப்ரல் மாதம். தமிழ்நாட்டில் ஒவ்வோர் ஊருக்கும் ஆண்டில் இரண்டு நாள் சூரியன் தலைக்கு நேர்மேலே வந்து நிற்கும். நிழலில்லா நாள் என்று பெயர். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கில் தொடங்கி, வடக்கே நகர்ந்து, எங்கள் பக்கம் 17 வாக்கில் வந்து, சென்னைக்கு 24 வாக்கில் போய்ச் சேரும். ஆகஸ்டில் வந்த வழியே திரும்பும். அதைக் காட்ட நான் மைதானத்தில் ஒரு கம்பம் நட்டு எல்லோரையும் கூட்டிப்போனேன். நண்பகலில் கம்பத்தின் நிழல் சுருங்கிச் சுருங்கி அடியில் போய் ஒளிந்துகொண்டது. கை தட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒரு மாணவி மட்டும் வாய் திறந்தாள்: “சார், அப்ப இன்னைக்கு லைட்டு கீழேயிருந்து குடுக்கணும்.”

சொல்லிவிட்டுப் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்தாள். எவர்சில்வர் மூடியைக் கழற்றித் தோழியின் மோவாய்க்குக் கீழே பிடித்தாள். மூடியின் உட்புறம் லேசான குழி. ஒளி ஒரே இடத்தில் குவிந்து தோழி கண்ணைச் சுருக்கினாள். உடனே மூடியைத் திருப்பி வெளிப்புறத்தைக் காட்டினாள். ஒளி பரவியது, முகம் தெளிந்தது. குழியாடி குவிக்கும், குவியாடி விரிக்கும் என்பது இரண்டு மதிப்பெண் கேள்வி. அதே மாணவி தேர்வில் இரண்டையும் மாற்றி எழுதியிருந்தாள். இன்னொருத்தி ஒருபடி மேலே போனாள். அவள் மூடியில் புளியோதரை எண்ணெய் அப்பியிருந்தது. “கழுவாதடி, இதுலதான் சாஃப்ட்டா விழுது” என்றாள். வழவழப்பான பரப்பு ஒளியை ஒழுங்காகத் திருப்பும், சொரசொரப்பான பரப்பு சிதறடிக்கும் என்று நான் ஒரு பீரியடு முழுக்கச் சொன்னதை, நல்லெண்ணெய் ஒரு நொடியில் சொல்லிவிட்டது. அடுத்த வாரம் அறிவியல் கண்காட்சிக்கு வாங்கி வைத்திருந்த தெர்மகோல் அட்டைகளைக் காணோம். சினிமா படப்பிடிப்பில் அதைத்தான் பயன்படுத்துவார்களாம்.

அடுத்து மழை. ஐப்பசியில் எங்கள் பக்கம் மழை வந்தால் சைக்கிள் ஸ்டாண்டுக்கு முன்னால் ஒரு குட்டை தேங்கும். அதை மூடச் சொல்லி அலுவலர் சங்கம் மனு கொடுத்திருக்கிறது. மாணவர்கள் மூடக் கூடாது என்று கொடுப்பார்கள், கேட்டால். ஏனென்றால் மெயின் பிளாக்கின் வளைவுகள் முழுசாகத் தலைகீழாகத் தெரிவது அந்தக் குட்டையில் மட்டும்தான். குட்டையோரம் குந்தி, போனைத் தலைகீழாகத் திருப்பி, தண்ணீரைத் தொடுகிற மாதிரி வைத்துப் படம் எடுக்கிறார்கள். ஒருவனை நிறுத்தி, “ஏன்டா தலைகீழா?” என்றேன். “கேமரா போனோட உச்சியில இருக்கு சார். திருப்புனாத்தான் தண்ணிக்கிட்ட வரும். கிட்ட வந்தாத்தான் கண்ணாடி கணக்கா தெரியும். நின்னுக்கிட்டுப் பாத்தா அடியில கிடக்குற சேறுதான் தெரியும்.”

எனக்கு மெய் சிலிர்த்தது. நேர்க்குத்தாகப் பார்த்தால் தண்ணீர் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 2 பங்கைத்தான் திருப்பி அனுப்பும். பார்வை சாயச் சாய அந்தப் பங்கு ஏறி, தண்ணீர்ப் பரப்பை ஒட்டிப் போகும்போது ஏறக்குறைய முழுவதையும் திருப்பிவிடும். இது முதுகலையில் வரும் பாடம். பயல் இளங்கலையிலேயே, அதுவும் சேற்றில் முட்டி போட்டுக் கண்டுபிடித்துவிட்டான். “அருமைடா, இதுக்குச் சமன்பாடு இருக்கு தெரியுமா?” என்று ஆரம்பித்தேன். “சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். ஃப்ரேம்ல வர்றீங்க” என்றான். தண்ணீரில் என் தலை தெரிந்திருக்கிறது.

நூலகத்திலிருந்து ஒரு நாள் நல்ல செய்தி வந்தது. மாணவர்கள் திரண்டு வருகிறார்களாம். நூலகருக்கு ஆனந்தக் கண்ணீர். போய்ப் பார்த்தால், வரிசை அலமாரிகளுக்கு நடுவே ஒருவன் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஆழ்ந்த சிந்தனையில் இருக்கிறான். புத்தகம் கரிம வேதியியல், அவன் வணிகவியல். இன்னொருவன் மறுபக்கத்து அலமாரியில் நாலு புத்தகத்தை உருவிவிட்டு அந்தச் சந்து வழியாக அவனைப் படம் எடுக்கிறான். அதோடு நிற்கவில்லை. கழித்துக் கட்ட ஒதுக்கி வைத்திருந்த பழைய சி.டி. ஒன்றை எடுத்து லென்ஸ் ஓரத்தில் சாய்த்துப் பிடித்தான். படத்தின் மூலையில் வானவில் விழுந்தது.

எங்கள் இருட்டறையில் கீற்றணி என்று ஒரு கண்ணாடித் துண்டு உண்டு. அங்குலத்துக்கு 15,000 கோடு கீறியது. மில்லிமீட்டருக்குக் கணக்குப் போட்டால் 590. ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும். விரல் பட்டால் கெட்டுவிடும் என்பதால் அதைப் பீரோவில் பூட்டி, சாவியை நான் வைத்திருக்கிறேன். சி.டி.யில் பாட்டு பதியும் தடங்கள் மில்லிமீட்டருக்கு 625 வரும். அதாவது நான் பூட்டி வைத்திருப்பதைவிடக் கொஞ்சம் நெருக்கமான கீற்றணி நூலகத்தின் குப்பைக்கூடையில் கிடந்திருக்கிறது. அதைத் துறைக்கு வாங்கித் தரும்படி நூலகரிடம் கேட்டேன். மாணவர்கள் கடனுக்கு எடுத்துப் போயிருப்பதாகச் சொன்னார்.

முகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். “பேக் கேமராவுல எடுத்தா நான் வேற ஆளு மாதிரி இருக்கேன் சார்” என்று ஒரு பிள்ளை வருத்தப்பட்டாள். முன்கேமரா திரையில் காட்டுவது கண்ணாடிப் பிம்பத்தை; வகிடு இடப்பக்கம் என்றால் இடப்பக்கமே தெரியும். பின்கேமரா, உலகம் நம்மை எப்படிப் பார்க்கிறதோ அப்படிக் காட்டும். பிறந்ததிலிருந்து கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகத்தைத்தான் நாம் நம் முகம் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். இதற்கு இடவல மாற்றம் என்று பெயர் என விளக்கினேன். “அப்ப இத்தனை வருசமா எல்லாரும் என்னை இந்த மூஞ்சியோடதான் பாத்துக்கிட்டு இருக்காங்களா?” என்றாள். இயற்பியலில் இவ்வளவு சோகம் இருப்பதை நான் அன்றுவரை கவனித்ததில்லை.

‘ஜீரோ பாயின்ட் ஃபைவ்’ என்று ஒரு வகை. போனின் அகலக்கோண லென்ஸைத் தட்டிவிட்டு, கையைத் தலைக்குமேல் உயர்த்தி, மேலிருந்து கீழே எடுப்பது. தலை பூசணிக்காயாகவும் கால் இரண்டும் முருங்கைக்காயாகவும் வரும். என் தலைமுறையில் ஸ்டுடியோக்காரர் அப்படி ஒரு படத்தைக் கொடுத்திருந்தால் காசைத் திருப்பிக் கேட்டிருப்போம். இவர்கள் அதற்காகவே எடுக்கிறார்கள். அந்த லென்ஸ் ஏறத்தாழ 120 டிகிரி பரப்பைத் தட்டையான சட்டத்துக்குள் திணிக்கிறது. கிட்டே இருப்பது பெருக்கும், எட்ட இருப்பது சிறுக்கும், ஓரத்தில் நிற்பவர் இழுபடுவார். இந்தக் கடைசி விதியை மாணவர்கள் எப்போதும் மறப்பதில்லை. துறைக் குழுப்படம் எடுத்தார்கள். துறைத்தலைவர் நடுவில்; அவர் உள்ளது உள்ளபடி விழுந்தார். நான் கடைசி ஓரம். படத்தில் என் அகலம் துறைத்தலைவரின் பதவிக்கு உரிய அகலமாக இருந்தது. “லென்ஸ் டிஸ்டார்ஷன் சார்” என்று ஆறுதல் சொன்னார்கள். அதே லென்ஸ் நடுவில் நின்ற என் சக பேராசிரியர்களை ஒல்லியாகவே காட்டியிருப்பதால் வீட்டில் அந்த விளக்கம் எடுபடவில்லை.

குழுப்படம் ஒரு காலத்தில் எவ்வளவு கறாரான காரியம்! ஆண்டு முடிவில் ஸ்டுடியோக்காரர் முக்காலியோடு வருவார். முன்வரிசையில் முதல்வரும் பேராசிரியர்களும் நாற்காலியில், கை முழங்கால்மேல். பின்னால் நிற்பவர்கள், அதன் பின்னால் பெஞ்சில் ஏறி நிற்பவர்கள். அவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொள்வார். உள்ளே கண்ணாடியில் நாங்கள் அத்தனை பேரும் தலைகீழாகத் தெரிவோம் என்பது பின்னாளில் படித்தபோதுதான் புரிந்தது. முதல்வரைத் தலைகீழாகப் பார்க்கும் உரிமை அந்தக் கல்லூரியில் அவர் ஒருவருக்கே இருந்தது. “அசையாதீங்க” என்பார். அசையாமல் இருந்ததற்குச் சான்று, படத்தில் யார் முகத்திலும் உயிர் இராது. 1839-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ராபர்ட் கார்னீலியஸ் என்ற விளக்கு வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை, கடையின் பின்புறம் காமிராவை வைத்துத் தன்னைத் தானே எடுத்த படம்தான் இன்று உலகின் ஆதி செல்ஃபிகளில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. அதற்கு அவர் நிமிடக்கணக்கில் அசையாமல் இருந்திருக்க வேண்டும். என் வகுப்பில் அவ்வளவு நேரம் அசையாமல் இருப்பவர்கள் தூங்குகிறவர்கள் மட்டுமே.

குழுப்படத்திலும் பிள்ளைகள் வித்தை காட்டுகிறார்கள். பனோரமா என்ற வசதியில் போனை இடமிருந்து வலமாக மெதுவாகத் திருப்ப வேண்டும். இடது ஓரத்தில் நிற்பவன், காமிரா தன்னைக் கடந்ததும் குனிந்து பின்பக்கமாக ஓடி, வலது ஓரத்தில் போய் நின்றுகொள்கிறான். படத்தில் ஒரே ஆள் இரண்டு மூலையிலும் சிரிக்கிறான். இந்தக் குறும்பு புதிதல்ல. சாவி கொடுத்தால் தானே சுழலும் பழைய காமிராக்கள் இருந்த காலத்திலேயே பள்ளிப் பையன்கள் வரிசைக்குப் பின்னால் ஓடியிருக்கிறார்கள். எங்கள் ஊர் விசேஷம் என்னவென்றால், அப்படி இரண்டு இடத்தில் விழுந்தவன் அந்தப் படத்தைக் காட்டி, தனக்கும் நண்பனுக்கும் சேர்த்து அட்டெண்டன்ஸ் கேட்டான். ப்ராக்ஸி கொடுப்பதை இவ்வளவு விஞ்ஞானபூர்வமாக யாரும் செய்ததில்லை. நான் மறுத்துவிட்டேன். முகத்தில் ஒரு மருவாவது வித்தியாசம் காட்டியிருக்கலாம்.

இவற்றையெல்லாம் விடக் கடினமானது ‘கேண்டிட்’. தற்செயலாக எடுத்ததாகத் தெரிய வேண்டும். அதற்குப் பெரும் தயாரிப்பு வேண்டும். நாலு பேர் நடந்து வருவார்கள். “சிரிச்சுக்கிட்டே வாங்க, கேமராவைப் பாக்காதீங்க” என்று ஒருவன் கத்துவான். ஒருத்தி பார்த்துவிடுவாள். மறுபடியும் முதலிலிருந்து. துப்பட்டா காற்றில் பறக்க வேண்டும், காற்று ஒத்துழைக்காது, சட்டத்துக்கு வெளியே ஒருத்தி படுத்தபடி நோட்டால் விசிறுவாள். அந்த நோட்டு என் பாடத்து நோட்டு என்பதைக் கவனித்தேன். அது திறக்கப்பட்டதில் மகிழ்ச்சி. மயில்கொன்றைப் பூவை வாரித் தூவ ஒரு ஜூனியர், வழியில் வருகிறவர்களை நிறுத்த இன்னொரு ஜூனியர். பரிவாரத்தின் நடுவே ஐபோன் வைத்திருப்பவன். வகுப்புக்கு ஒருவனிடம்தான் அது இருக்கும்; ஆகவே அவன் வகுப்பின் பொதுச்சொத்து. மாலை முழுக்க “மாப்ள, அந்தப் படத்தை டாகுமென்ட்டா அனுப்பு, போட்டோவா அனுப்பாத, வாட்ஸ்அப் சுருக்கிரும்” என்று அவனுக்குக் கோரிக்கை மனுக்கள் வந்தபடி இருக்கும். எங்கள் முதல்வருக்குக்கூட அவ்வளவு மனு வருவதில்லை.

ஒரு நாள் வகுப்பில் கரும்பலகையை நிரப்பிக்கொண்டிருந்தேன். பின்பெஞ்சிலிருந்து குரல் வந்தது: “சார், ஒரு நிமிசம் பாடம் நடத்துற மாதிரி நில்லுங்க சார்.” நான் அதுவரை அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். “கொஞ்சம் பெரிய ஃபார்முலாவா எழுதுங்க சார், இது சின்னதா இருக்கு.” எழுதினேன். பிறகு அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. வகுப்பே என்னை உற்றுக் கவனிக்கிறது. முன்வரிசையில் ஒருத்தி கன்னத்தில் கை வைத்து வியக்கிறாள். ஒருவன் குறிப்பெடுக்கிறான், மூடி கழற்றாத பேனாவால். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு வைத்திருக்கிறேன். கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு வழங்கும் நாக் குழு வந்தபோது அவர்களும் மெச்சினார்கள்.

இந்த ஒப்பனையெல்லாம் விலகிய ஒரு காலைப்பொழுதும் உண்டு. 2019 டிசம்பர் 26. வளைய சூரிய கிரகணம் கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாகப் போனது. விடுமுறை நாளிலும் பிள்ளைகள் வந்திருந்தார்கள். கிரகணக் கண்ணாடி கொஞ்சம்தான். வரிசையில் நின்று மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். வரிசையின் கடைசியில் அலுத்துப்போன ஒருவன் தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தான். ஒன்பதரை வாக்கில் “சார்!” என்று கத்தினான். இலைகளின் சந்து ஒவ்வொன்றும் ஊசித்துளைக் காமிராவாகி, தரை முழுக்க நூற்றுக்கணக்கில் ஒளி வளையங்கள். எல்லா நாளும் மரத்தடியில் வட்ட வட்டமாக விழுவதும் சூரியனின் படம்தான். சூரியன் வட்டமாக இருப்பதால் யாரும் பொருட்படுத்துவதில்லை. அன்று யாரும் தங்களைப் படம் எடுத்துக்கொள்ளவில்லை. அவனுடைய வெள்ளைச் சட்டையில் வளையங்கள் விழ, அதைச் சுற்றி நின்று எடுத்தார்கள். எங்கள் கல்லூரியில் எடுக்கப்பட்ட படங்களில் எனக்குப் பிடித்தது அதுதான். அடுத்த வளைய கிரகணம் தென்தமிழகத்துக்கு 2031 மே 21-இல் வருகிறது. அரியர் வைத்திருப்பவர்கள் சிலர் அதற்கும் கல்லூரியிலேயே இருப்பார்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

ஆண்டுதோறும் பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். ராமன் விளைவு 1928-இல் கண்டறியப்பட்ட நாள். வாசலில் சர் சி.வி. ராமனின் முகத்தை ரங்கோலியாகப் போடுவார்கள். அதன் பக்கத்தில் உட்கார்ந்து, நின்று, மாடியிலிருந்து என்று எல்லாக் கோணத்திலும் படம். உள்ளே அரங்கில் ராமனைப் பற்றி நான் பேசுவேன். அங்கே படம் எடுப்பது கம்மி.

என் பேச்சில் தவறாமல் வருவது இது: ராமன் சென்னை மாநிலக் கல்லூரி மாணவராக இருந்தபோது, நம் இருட்டறையில் இருப்பதே மாதிரியான ஸ்பெக்ட்ரோமீட்டரில் முப்பட்டகத்தை வைத்து அளந்துகொண்டிருந்தார். ஒளி மிகச் சாய்ந்து பட்டுத் திரும்பும்போது வரும் கோடுகள் இருபக்கமும் சமமாக இல்லாததைக் கவனித்தார். அதைப் பற்றி எழுதிய கட்டுரை 1906-இல் லண்டனின் ஃபிலசாஃபிக்கல் மேகசினில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 18. குட்டையோரம் குந்திய பயல் கவனித்ததும் மிகச் சாய்ந்து திரும்பும் ஒளியைத்தான் என்று சொல்லி முடிப்பேன். கைதட்டல் கிடைக்கும்; குட்டைப் பயல் எழுந்து கும்பிடுவான்.

இதே ராமன், முதுகலை படித்த இரண்டாண்டில் தான் போய் உட்கார்ந்த வகுப்பு ஒன்றே ஒன்று என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். இதை மட்டும் நான் மேடையில் சொல்வதில்லை. எழுபத்தைந்து சதவீத அட்டெண்டன்ஸ் என்ற கட்டடம் அப்படியே சரிந்துவிடும். இந்தக் கட்டுரையை என் மாணவர்கள் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் இங்கே சொல்கிறேன்.

கல்லூரி நிர்வாகமும் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. அறிவிப்புப் பலகையில் இடப்பக்கம், வளாகத்தில் செல்போன் பயன்படுத்தினால் பறிமுதல் என்ற சுற்றறிக்கை. வலப்பக்கம், கல்லூரியின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பின்தொடரச் சொல்லும் கியூ.ஆர். கோடு. போன் இல்லாமல் அதை எப்படி ஸ்கேன் செய்வது என்று ஒரு மாணவி பணிவாகக் கேட்டாள். பதில் பரிசீலனையில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை நடத்துவதும் மாணவர்கள்தான். மெயின் பிளாக்கை ஒரே படமாக எடுத்து, ஒன்பது சதுரமாக வெட்டி, வரிசையாகப் போட்டு, சுயவிவரப் பக்கத்தைத் திறந்தால் கட்டடம் முழுசாக எழுந்து நிற்கும்படி கட்டியிருந்தார்கள். இன்ஸ்டாகிராம் 2010-இல் பிறந்தபோது சதுரப் படம் மட்டுமே. நீள அகலப் படங்களுக்கு 2015-இல்தான் வழி விட்டார்கள். ஆனாலும் சுயவிவரக் கட்டங்கள் சதுரமாகவே இருந்தன. 2025 ஜனவரியில் அவற்றை நெட்டையாக்கிவிட்டார்கள். மறுநாள் எங்கள் மெயின் பிளாக்கின் தூண்கள் ஒன்றோடொன்று சேராமல், மணிக்கூண்டு தனியே நகர்ந்து நின்றது. பொதுப்பணித் துறைக்கு எழுதலாமா என்று முதல்வர் கேட்டார். கலிபோர்னியாவுக்கு எழுத வேண்டும் என்று விளக்கினோம்.

எல்லாப் படமும் புதுமை என்று சொல்ல மாட்டேன். ஒரு ரீல் பரவினால் ஒரு வாரத்துக்கு வளாகம் முழுக்க அதே நடை, அதே திரும்பல், அதே பாட்டு. மலைக்கோட்டையை உள்ளங்கையில் ஏந்துகிற படத்தை ஒவ்வொரு புது பேட்ச்சும் தாங்களே கண்டுபிடித்ததாக நினைத்து எடுக்கிறது. திண்டுக்கல் கோட்டையை இத்தனை பேர் தூக்கியதாக வரலாற்றில் இல்லை. ஆனால் கையில் எதுவும் இல்லாதபோதுதான் இவர்களுக்கு மூளை வேலை செய்கிறது. ரிஃப்ளெக்டர் இல்லை, டிபன் மூடி இருக்கிறது. லைட் இல்லை, போன் டார்ச் மேல் தண்ணீர் பாட்டிலை வைத்தால் அறை முழுக்க ஒளி பரவுகிறது. முக்காலி இல்லை, ஐ.டி. கார்டு கயிற்றால் சன்னல் கம்பியில் போனைக் கட்டுகிறார்கள். அந்த அடையாள அட்டை கழுத்தைவிட அங்கேதான் அதிக நேரம் தொங்குகிறது.

ஒரு வார்த்தை கண்டிப்பாகவும் சொல்ல வேண்டும், ஆசிரியன் அல்லவா. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரும் ரயில் தண்டவாளமும் படம் எடுக்கும் இடங்கள் அல்ல. கேட்காமல் பிறரை எடுக்கக் கூடாது. எடுத்தாலும் கேட்காமல் போடக் கூடாது. இதில் அரை மார்க் சலுகையெல்லாம் கிடையாது.

மற்றபடி, புகாரா பெருமையா என்று கேட்டால், பெருமைதான் என்று முடிவுக்கு வந்துவிட்டேன். புகார் பாடத்திட்டக் குழுவினர்மேல். ஐயா, அம்மா, ஒளியியல் செய்முறைத் தேர்வை இருட்டறையிலிருந்து வராண்டாவுக்கு மாற்றுங்கள். உச்சிவெயிலில் ஒரு முகத்தை நிழலின்றி எடுக்கச் சொல்லுங்கள், பத்து மதிப்பெண். குட்டையில் கட்டடத்தைக் கவிழ்க்கச் சொல்லுங்கள், பத்து. பழைய சி.டி.யால் வானவில் வரவழைக்கச் சொல்லுங்கள், பத்து. ஒவ்வொன்றையும் செய்து முடித்ததும் ஏன் அப்படி வந்தது என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்தப் பதிலுக்கு இருபது. செய்தவனுக்குக் காரணம் கேட்க ஆசை இருக்கும். கோடே தெரியாதவனிடம் காரணம் கேட்டு என்ன பயன்? தேர்ச்சி விகிதத்துக்கு நான் பொறுப்பு. தேர்வாளராக வருகிறவர்கள் மட்டும் தயவுசெய்து ஃப்ரேமுக்கு வெளியே நிற்க வேண்டும்.